இழுப்பது பெரிதா? நிறுத்துவது பெரிதா?



சென்ற ஆண்டு அறுவடை முடிந்திருந்த சமயம். கல்லூரியில் என் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு துண்டுக் காகிதத்துடன் என்னிடம் வந்தான். அவனுடைய ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்கு அருகே ஒரு சிற்றூர்.

"சார், எங்கள் அப்பா வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கப் போகிறார். கூடவே ஒரு டிரெய்லரும் வாங்கி, தைலமரக் கட்டை, நெல் மூட்டை, செங்கல் எல்லாம் வாடகைக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். 35 குதிரைத்திறன் உள்ளதை வாங்குவதா, 50 குதிரைத்திறன் உள்ளதை வாங்குவதா என்று வீட்டில் ஒரே விவாதம். டிரெய்லரோடு சேர்த்து 5 டன்னை எது இழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

"கணக்குப் போடலாம் தம்பி. ஆனால் உன் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்று கேட்டாய். எவ்வளவை நிறுத்தும் என்று கேட்கவில்லையே!" என்றேன்.

அவன் விழித்தான். நீங்களும் விழிக்கலாம். வாருங்கள், அன்று அவனும் நானும் போட்ட கணக்கை இன்று நாமும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள நியூட்டன் விதிகளும், உராய்வும், நெம்புகோலும் போதும். புதிதாக எதுவும் வேண்டாம்.

இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?

முதலில் எண்களை முடிவு செய்துகொள்வோம். நம் ஊர்களில் ஓடும் நடுத்தர டிராக்டர் ஒன்றின் நிறை ஏறத்தாழ 2 டன். டிரெய்லரும் அதிலுள்ள பாரமும் சேர்ந்து 5 டன் என்று கொள்வோம். மொத்தம் 7 டன், அதாவது 7,000 கிலோகிராம். கணக்கு எளிதாக இருக்கப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், மொத்த எடை 70,000 நியூட்டன்.

இந்த 70,000 நியூட்டனையும் எஞ்சின் தூக்கிச் சுமக்கிறதா? இல்லை! எடையைத் தாங்குவது தரை. எஞ்சின் வெல்ல வேண்டியது சக்கரம் உருளும்போது ஏற்படும் தடையை மட்டுமே. காற்றடைத்த டயர் நல்ல தார்ச்சாலையில் உருளும்போது இந்த உருள்தடை எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவுதான். ஆகவே தேவையான விசை 1,400 நியூட்டன். 70,000 நியூட்டன் எடையுள்ள வண்டியை நகர்த்த 1,400 நியூட்டன் போதும் என்றால் வியப்பாக இல்லையா? நின்றுபோன பேருந்தை ஏழெட்டுப் பேர் இறங்கித் தள்ளி ஓட வைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் இரகசியம் இதுதான். சக்கரத்தைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத மனிதனுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது திறனைக் கணக்கிடுவோம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர். எனவே 1,400 x 5.6 = 7,840 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே வேண்டியது பத்தரைக் குதிரைத்திறன்தான்! செம்மண் பாதையில் உருள்தடை நூற்றுக்கு 5 பங்கு வரை ஏறும். அப்போதும் 26 குதிரைத்திறன் போதும்.

சரி, மேடு வந்தால்? கண்மாய்க் கரையில் ஏறும் சரிவுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரம் போனால் 1 மீட்டர் உயரும் சரிவு என்றால், எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். அது 7,000 நியூட்டன். மண்பாதையின் உருள்தடை 3,500 நியூட்டன். ஆக மொத்தம் 10,500 நியூட்டன். ஓட்டுநர் கியரைக் குறைத்து மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், அதாவது விநாடிக்கு 1.4 மீட்டர் என்றால், தேவை 14,700 வாட். இது 20 குதிரைத்திறனுக்குள் அடங்கிவிடுகிறது.

கியர் என்பது சுழலும் நெம்புகோல் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். மண்வெட்டிக் காம்பு கொண்டு கல்லைப் புரட்டுபவர் செய்வதும் இந்தப் பண்டமாற்றுத்தான்.

"அப்படியானால் 35 குதிரைத்திறனே போதும் என்கிறீர்களா, சார்?" என்று மாணவன் மகிழ்ந்தான். "பொறு. எஞ்சின் சம்மதித்துவிட்டது. டயர் சம்மதிக்க வேண்டாமா?" என்றேன்.

தரையைப் பிடிக்கும் பிடி

வண்டியை உண்மையில் முன்னே தள்ளுவது எது? எஞ்சின் என்றுதான் சொல்வீர்கள். எஞ்சின் சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. தரையின் இந்த எதிர்விசை, உராய்வின் மூலமாக மட்டுமே கிடைக்கும். உராய்வு விசைக்கோ ஓர் எல்லை உண்டு. அது உராய்வுக் குணகத்தையும் சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையையும் பெருக்கி வரும் அளவைத் தாண்டாது.

நம் டிராக்டரின் 20,000 நியூட்டன் எடையில் பெரிய பின்சக்கரங்களின் மேல் 13,000 நியூட்டனும், முன்சக்கரங்களின் மேல் 7,000 நியூட்டனும் விழுவதாகக் கொள்வோம். எஞ்சின் ஓட்டுவது பின்சக்கரங்களை மட்டுமே. இத்துடன் டிரெய்லரின் முன்பகுதி டிராக்டரின் கொக்கியின் மேல் 5,000 நியூட்டன் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களின் மேல் 18,000 நியூட்டன் ஆகிறது. (கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் இது இன்னும் சற்றுக் கூடும். எளிமைக்காக 18,000 என்றே கொள்வோம்.)

உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. பிடி 12,600 நியூட்டன். மழையில் ஊறிய களிமண் கரையிலோ குணகம் 0.3 ஆகக் குறைந்துவிடலாம். அப்போது பிடி 5,400 நியூட்டன்தான். ஆனால் கரை ஏற நமக்குத் தேவை 10,500! என்ன ஆகும்? சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று பள்ளம் தோண்டும். அங்கே 35 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதில் 100 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தாலும் பள்ளம் விரைவாக ஆழமாகுமே தவிர வண்டி நகராது. குதிரைத்திறன் எஞ்சினின் சொத்து. பிடியோ டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உடன்படிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முன்பாரமும் பின்பாரமும்

கொக்கியின் மேல் 5,000 நியூட்டன் அழுத்துகிறது என்றோமே, அது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை மாட்டுவண்டி ஓட்டிய உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். அவர் மூட்டைகளை அடுக்கிவிட்டு, ஏர்க்காலைக் கையால் சற்றே தூக்கிப் பார்ப்பார். அதிகமாக அழுத்தினால் "முன்பாரம்" என்று இரண்டு மூட்டைகளைப் பின்னால் தள்ளுவார். ஏர்க்கால் தானாகவே மேலே எழும்பினால் "பின்பாரம்" என்று முன்னால் இழுப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனால் நுகத்தடி எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சிறிதளவு முன்பாரமே சரி என்பது அவர் கண்ட முடிவு. அவர் திருப்புத்திறன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அதை நாள்தோறும் கையால் அளந்தார்!

இரண்டு சக்கர டிரெய்லரும் மாட்டுவண்டியின் தம்பிதான். கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு 3.5 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். 50,000 நியூட்டன் பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 35 சென்டிமீட்டர் முன்னால் அமையும்படி ஏற்றினால், கொக்கியின் மேல் விழும் எடை 50,000 x 0.35 / 3.5 = 5,000 நியூட்டன். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு.

அதே பாரம் 35 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டால்? டிரெய்லர் கொக்கியை 5,000 நியூட்டன் விசையுடன் மேலே தூக்கும். பின்சக்கரங்களின் மேல் 18,000 இருந்த இடத்தில் 8,000 நியூட்டன்தான் மிஞ்சும். உலர்ந்த தார்ச்சாலையிலும் பிடி 5,600 நியூட்டனாகக் குறைந்துவிடும். வித்தியாசம் வெறும் 70 சென்டிமீட்டர், ஒரு பெரிய எட்டு வைக்கும் தூரம்! நீளமான தைலமரக் கட்டைகள் டிரெய்லருக்கு வெளியே பின்னால் நீட்டிக்கொண்டு போவதைச் சாலையில் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் விவசாயிகளும் குதிரை வளர்ப்போரும் பிக்கப் எனப்படும் கனத்த சிறு லாரிகளில் பெரிய டிரெய்லர்களை மாட்டி நெடுஞ்சாலைகளில் இழுத்துச் செல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் விதியும் இதுதான்: கொக்கியின் மேல் டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் விரைந்து செல்லும்போது டிரெய்லர் பாம்பு வால்போல் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். மிகப் பெரிய டிரெய்லர்களுக்குக் கொக்கியை வண்டியின் பின்முனையில் வைக்காமல், பின் அச்சுக்கு நேர் மேலே, தளத்தின் நடுவில் வைக்கிறார்கள். திருச்சி சாலையில் செல்லும் கண்டெய்னர் லாரிகளிலும் அந்த அமைப்பைக் காணலாம். பாரம் அச்சின் மேலேயே இறங்குவதால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும் திருப்புத்திறன் அங்கே எழுவதில்லை.

குதிக்கும் டிராக்டர்

முன்பக்கத்தைத் தூக்குவது என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் உற்பத்திக்கு வந்தது. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஏர் ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுநரின் மேலேயே மல்லாந்து விழும் அபாயம் இருந்தது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். மூன்று இடங்களில் இணைத்து, ஏரின் இழுப்பு முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும்படி அவர் ஓர் அமைப்பை உருவாக்கினார். அதன் கருவான காப்புரிமையை 1926இல் பெற்றார். இன்று உங்கள் ஊர் டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் மூன்று கைகள் அந்த அமைப்பின் வாரிசுகளே. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களின் பெயரில் இருப்பவரும் இந்த ஃபெர்குசன்தான்.

கலப்பைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. டிரெய்லருக்கு அது பொருந்தாது. அதற்குத் தாழ்வான கொக்கியே காப்பு. சேற்றில் சிக்கிய டிரெய்லரை 10,000 நியூட்டன் விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். கொக்கி தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்பக்கத்தைத் தூக்கும் திருப்புத்திறன் 10,000 x 0.5 = 5,000 நியூட்டன் மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 0.6 மீட்டர் பின்னால் இருப்பதால், அதன் மேல் விழும் 5,000 நியூட்டன் பாரம் மேலும் 3,000 சேர்க்கிறது. ஆக 8,000. இதை எதிர்ப்பது முன்சக்கரங்களின் மேலுள்ள எடை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.9 மீட்டர் என்றால் 7,000 x 1.9 = 13,300. நாம் வென்றுவிட்டோம்.

இணைப்பை 1 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினாலோ, தூக்கும் திருப்புத்திறன் 10,000 + 3,000 = 13,000. எதிர்ப்பது 13,300! முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கிளச்சைச் சட்டென்று விட்டால் வண்டி மல்லாந்துவிடும். இது நிகழ ஒன்றிரண்டு விநாடிகள் போதும். குதித்துத் தப்ப நேரம் இராது. எனவே, சிக்கிய வண்டியை இழுக்க வேண்டுமானால் சங்கிலியை எப்போதும் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

முட்டுக்கட்டைக்கு ஒரு வணக்கம்

இனி, மாணவன் கேட்காமல் விட்ட பாதிக் கேள்விக்கு வருவோம்.

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலில் பங்குனித் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? வேறு எந்த ஊர்த் தேரானாலும் சரி. வடம் பிடித்து இழுக்க நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நடப்பவர்களைக் கவனியுங்கள். தேரைத் திருப்புவதும் தடுப்பதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. அதற்குப் பழகிய கை வேண்டும். "முட்டுக்கட்டை போடாதே" என்று நாம் இகழ்ச்சியாகப் பேசுகிறோம். தேர் ஓட்டத்திலோ முட்டுக்கட்டை போடுபவரே உயிர்காப்பவர்.

இப்போது நம் டிராக்டருக்கு முட்டுக்கட்டை எங்கே? நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. 7 டன்னையும் நிறுத்த வேண்டியவை அந்த இரண்டு பின்சக்கரங்கள்தாம். அவற்றின் பிடிக்கு எல்லை எவ்வளவு என்று முன்பே பார்த்தோம்.

நிற்கும் தூரத்தைக் கணக்கிட வேகத்தின் வர்க்கத்தை முடுக்கக் குறைவின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 8.3 மீட்டர் வேகம் என்று கொள்வோம். உருள்தடையின் சிறு உதவியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிராக்டர் மட்டும், உலர்ந்த தார்ச்சாலை: ஏறத்தாழ 7.5 மீட்டரில் நிற்கும்.

பிரேக் இல்லாத டிரெய்லருடன், உலர்ந்த சாலை: 19 மீட்டர்.

பிரேக் இல்லாத டிரெய்லருடன், ஈரச்சாலை (குணகம் 0.4): பிடி 7,200 நியூட்டன்தான். 34 மீட்டர்.

அதே ஈரச்சாலை, 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு: 7,200 நியூட்டனில் 3,500 நியூட்டனைச் சரிவே தின்றுவிடுகிறது. மிஞ்சுவது 3,700. 65 மீட்டருக்கும் மேல்!

அதே ஈரம், 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கண்மாய்க் கரைச் சரிவு: சரிவு இழுப்பது 7,000. பிரேக் தருவது 7,200. மிஞ்சுவது 200 நியூட்டன். வண்டி நிற்காது என்றே சொல்லிவிடலாம்.

ஓட்டுநர் கண்ணால் கண்டு காலால் மிதிக்க ஆகும் ஒரு விநாடியில் வண்டி மேலும் 8 மீட்டர் போய்விடும் என்பதையும் இவற்றுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிற்காதது மட்டுமன்று. இழுக்கப்பட்டு வந்த வண்டி, இறக்கத்தில் தள்ளும் வண்டியாக மாறிவிடுகிறது. பின்னாலிருந்து தள்ளும் 5 டன், நேர்கோட்டில் தள்ளினால் பரவாயில்லை. வளைவில் சற்றுச் சாய்வாகத் தள்ளும்போது டிராக்டரின் பின்பகுதியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். பின்சக்கரங்கள் பிரேக்கில் இறுகி வழுக்கத் தொடங்கியிருந்தால் பக்கவாட்டுப் பிடியும் போய்விடும். டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக்கத்தி போல் மடிந்து குடைசாயும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, வைக்கோல் ஏற்றிய டிரெய்லரின் உச்சியில் அமர்ந்து கண்மாய்க் கரையிலிருந்து இறங்கியிருக்கிறேன். டீசல் மிச்சமாகும் என்று ஓட்டுநர் கியரை நியூட்ரலில் போட்டார். முதலில் ஊஞ்சல்போல் இனிமையாக இருந்தது. பிறகு பிரேக்கின் கிறீச்சிடும் ஓசை. டிராக்டர் குறுக்கே திரும்பியது. வைக்கோலோடு நான் வயலில் கிடந்தேன். எனக்குச் சிராய்ப்புத்தான். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே, கொக்கிச் சட்டத்தின் மேல் அமர்ந்து வந்த அண்ணன் ஒருவருக்குக் கால் முறிந்தது. அதன்பின் அவர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. நியூட்டன் விதிகளை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கால் என் கண்முன் வந்து போகிறது.

என்ன செய்யலாம்?

வழிகள் மூன்று. மூன்றும் இயற்பியலே.

முதலாவது, வேகம். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஈரச்சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குப் பதில் 10 கிலோமீட்டரில் வந்தால், 65 மீட்டர் என்பது ஒன்பதில் ஒரு பங்காகி, ஏறத்தாழ 7 மீட்டராகக் குறைகிறது.

இரண்டாவது, கியர். எந்தக் கியரில் மேடு ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையையும் காலையும் எடுத்துவிட்டால், கவர்னர் டீசலை மிகவும் குறைத்துவிடும். எனவே நியூட்ரலில் மிச்சமாகும் டீசல் அற்பம். பணயம் வைப்பதோ உயிர். டிராக்டரின் இடது பிரேக்கையும் வலது பிரேக்கையும் சாலையில் செல்லும்போது கொண்டி போட்டு ஒன்றாக இணைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

மூன்றாவது, டிரெய்லருக்கும் பிரேக். டிரெய்லரின் சக்கரங்களின் மேல் 45,000 நியூட்டன் எடை சும்மா கிடக்கிறது. அவற்றுக்கும் பிரேக் வைத்தால் ஈரச்சாலையிலும் 18,000 நியூட்டன் தடுப்பு விசை கூடுதலாகக் கிடைக்கும். அந்த 65 மீட்டர் 11 மீட்டராகச் சுருங்கிவிடும்! பாரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிடியும் கூடுகிறது. பகைவனாக இருந்த எடை நண்பனாகிவிடுகிறது.

அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில் பெட்டிகளுக்குக் காற்றுப் பிரேக்கை 1869இல் அமைத்தார். பிறகு 1872இல் அதைத் தலைகீழாக மாற்றி மேம்படுத்தினார். காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். குழாய் அறுந்து காற்றுப் போனால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இணைப்பு அறுந்த பெட்டி ஓடிப்போகாமல் நின்றுவிடும். கனரக டிரெய்லர் லாரிகளின் காற்றுப் பிரேக்கிலும் இக்கருத்தே பயன்படுகிறது. பழுதானால் ஓடவிடாமல் நிறுத்தும் இயந்திரமே நல்ல இயந்திரம்.

நீங்களே செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் குறியின் அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். அதுதான் டிரெய்லரின் அச்சு. பூச்சியக் குறியுள்ள முனையை நூலால் கட்டிப் பள்ளிச் சோதனைக்கூடத்தின் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். அதுதான் கொக்கி. அளவுகோல் கிடைமட்டமாக இருக்கட்டும். இப்போது 10 கிராம் எடைக்கல்லை 10, 15, 20, 25 ஆகிய குறிகளில் மாறிமாறி வைத்துத் தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் பின்னால் போகப் போகக் கொக்கியின் பாரம் குறைவதைக் காண்பீர்கள். 20 கிராம் கல்லையும் அவ்வாறே நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் நூல் தொய்ந்துவிட்டால், அங்கே தொடங்குகிறது பின்பாரம்!

நூல் தொய்யும் இடத்தை அளந்து அளவுகோலின் நிறையைக் கணக்கிட முடியுமா? அளவுகோலின் ஈர்ப்பு மையம் 15 சென்டிமீட்டர் குறியில் உள்ளது என்பதே குறிப்பு. இன்னொரு கேள்வி: டிரெய்லர் பிரேக் உள்ள நம் வண்டி 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஈரச்சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்த மாணவன் துண்டுக் காகிதத்தின் இரு பக்கமும் எழுதி முடித்து, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்து, "சார், சிறிய டிராக்டர்தான் வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் பிரேக் வைத்த டிரெய்லர் எடுத்தோம். அப்பாவுக்கு முதலில் மனமில்லை. 65 மீட்டரை எங்கள் தெருவில் காலடியால் அளந்து காட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை வந்தது. அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை" என்றான்.

உங்கள் தெருவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அத்துடன், அடுத்த முறை டிராக்டர் போகும்போது யாராவது உங்களைக் கொக்கிச் சட்டத்தின் மேலோ மட்கார்டின் மேலோ ஏறிக்கொள்ளச் சொன்னால், "நடந்தே வருகிறேன்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.